பழைய டெஸ்க்டாப் தகராறு செய்கிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏழெட்டு வருஷம் தாண்டிய டெஸ்க்டாப் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். திடீரென்று ஆன் ஆகாது, ஆன் ஆனால் டிஸ்பிளே வராது, வந்தால் பாதியில் அணைந்துபோகும். உடனே "போர்டு போயிடுச்சு, புதுசு வாங்கிடுங்க" என்று யாராவது சொல்லிவிடுவார்கள். போர்டு என்பது எல்லாப் பாகங்களும் மாட்டப்படும் மதர்போர்டு. அப்படி ஒதுக்கப்படுகிற மெஷின்களில் நிறையவற்றுக்கு உண்மையான கோளாறு காய்ந்துபோன தெர்மல் பேஸ்ட் (ப்ராசசரின் சூட்டைக் கடத்தும் பசை), போர்டில் தீர்ந்துபோன நாணய பேட்டரி, துருவேறிய ராம் (தற்காலிக நினைவகம்) காண்டாக்ட், களைத்துப்போன பவர் சப்ளை (சுவர் மின்சாரத்தை மாற்றித் தரும் பெட்டி) இவற்றில் ஒன்றாகத்தான் இருக்கும். இவை எல்லாமே வீட்டில் உட்கார்ந்து கண்டுபிடிக்கக்கூடியவை. யூகத்தில் பாகம் வாங்குவதுதான் நஷ்டம்.

எங்கிருந்து ஆரம்பிப்பது?

மெஷின் இன்னும் ஓரளவுக்காவது ஓடுகிறதென்றால், திருகைக் கழட்டுவதற்கு முன்னால் உங்கள் ஃபைல்களை வேறொரு டிஸ்க்கில் காப்பி எடுங்கள். பாகம் எதை வேண்டுமானாலும் திரும்ப வாங்கலாம், போட்டோவை வாங்க முடியாது.

அடுத்து, கடைசியாக என்ன மாறியது என்று யோசியுங்கள். கேபினெட்டை இடம் மாற்றினீர்களா, புது கார்டு போட்டீர்களா, மின்சாரம் போய் வந்ததா, பல மாதம் ஓட்டாமல் வைத்திருந்தீர்களா? பாதி விடை இந்தக் கேள்வியிலேயே கிடைத்துவிடும். இடம் மாற்றிய பிறகு வந்த கோளாறு என்றால் ஏதோ ஒன்று சாக்கெட்டில் இருந்து லேசாக நழுவியிருக்கும். மின்வெட்டுக்குப் பிறகு வந்தது என்றால் முதலில் பவர் சப்ளையைப் பாருங்கள்.

ஒரு நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர், வோல்டேஜ் அளக்கும் சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர், டார்ச், மெல்லிய பிரஷ், வேலை செய்வது உறுதியாகத் தெரிந்த இன்னொரு மானிட்டர் கேபிள், இவ்வளவு போதும். கேபினெட்டைத் திறக்கும்போது பவர் கார்டை உருவிவிட்டு, பவர் பட்டனை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடியுங்கள், மிச்சமிருக்கும் மின்சாரம் இறங்கிவிடும். பாகங்களைத் தொடுவதற்கு முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத உலோகப் பகுதியை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். ஒயர் எதையும் பிடுங்கும் முன் போனில் போட்டோ எடுங்கள், முன்பக்கப் பட்டன்களிலிருந்து வரும் அந்தச் சின்ன ஒயர்களை ஞாபகத்தில் வைத்து மாட்டுவது நடக்காத காரியம்.

அப்புறம் ஒரு விதி, இதை மீறவே மீறாதீர்கள்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். ராமையும் மாற்றி, கேபிளையும் மாற்றி, பயாஸையும் (ஆன் ஆனதும் முதலில் ஓடும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்) ரீசெட் செய்து, மெஷின் ஓடிவிட்டது என்றால் எது சரியானது என்று உங்களுக்குத் தெரியாது. அடுத்த மாதம் அதே கோளாறு திரும்ப வரும்போது மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

பவர் பட்டனை அழுத்தினால் எதுவுமே நடக்கவில்லை. ஃபேன்கூட அசையவில்லை.

சுவரிலிருந்து உள்ளே வாருங்கள். அதே பிளக்கில் வேறு ஏதாவது ஓடுகிறதா? மானிட்டரின் பவர் கார்டு பெரும்பாலும் கம்ப்யூட்டருக்கும் பொருந்தும், அதை மாற்றிப் போட்டுப் பாருங்கள். பவர் சப்ளையின் பின்னால் இருக்கும் சின்ன சுவிட்ச் யாராவது தூசி தட்டும்போது அணைந்திருக்கலாம். மிகப் பழைய பவர் சப்ளைகளில் 115, 230 என்று மாற்றும் சிவப்பு சுவிட்ச் ஒன்றும் இருக்கும். 230 வோல்ட் வரும் இடத்தில் அதை 115-இல் வைத்து ஆன் செய்தால் அந்த நொடியே வெடிக்கும், அதனால் அதை விளையாட்டாகக்கூடத் தள்ளாதீர்கள்.

இப்போது மதர்போர்டைப் பாருங்கள். பல போர்டுகளில் பவர் கார்டு செருகியிருந்தாலே எரியும் ஒரு சின்ன எல்இடி உண்டு. அது எரிகிறதென்றால் 5 வோல்ட் ஸ்டாண்ட்பை மின்சாரம் (மெஷின் அணைந்திருக்கும்போதும் வருவது) வருகிறது என்று அர்த்தம், ஆகவே பவர் சப்ளை முழுதாகச் சாகவில்லை. அடுத்த சந்தேகம் பவர் பட்டன் மேல். வருஷக்கணக்கில் அழுத்தி அழுத்தி அந்த பிளாஸ்டிக் பட்டன் உள்ளேயே சிக்கிக்கொள்வதும், காண்டாக்ட் தேய்ந்துபோவதும் சகஜம். பட்டனிலிருந்து வரும் இரண்டு ஒயர் கனெக்டரை மதர்போர்டிலிருந்து உருவிவிட்டு, அந்த இரண்டு பின்களையும் சேர்த்து ஸ்க்ரூ டிரைவர் முனையால் ஒரு கணம் தொடுங்கள். அதில் குறைந்த வோல்டேஜ்தான் இருக்கிறது, பயப்பட வேண்டாம். ஆனால் எந்தப் பின் என்பதை போர்டில் அச்சிட்டிருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொள்ளுங்கள். மெஷின் எழுந்துவிட்டதா? கோளாறு பட்டனில்தான். ரீசெட் பட்டனின் ஒயரை அங்கே மாட்டிவிட்டால் இனிமேல் அதுவே பவர் பட்டன், ஒரு பாகமும் வாங்க வேண்டியதில்லை.

எல்இடியும் எரியவில்லை என்றால் பவர் சப்ளையைத் தனியாகச் சோதிக்க வேண்டியதுதான்.

பவர் சப்ளையை வீட்டில் எப்படிச் சோதிப்பது?

எல்லா கனெக்டர்களையும் மதர்போர்டிலிருந்தும் டிஸ்க்குகளிலிருந்தும் உருவிவிடுங்கள். 24 பின் கொண்ட பெரிய கனெக்டரில் பச்சை ஒயர் ஒன்றே ஒன்று இருக்கும். பவர் கார்டைச் செருகாத நிலையில், பச்சையையும் பக்கத்திலிருக்கும் கறுப்பு ஒயர் ஒன்றையும் ஒரு துண்டுக் கம்பியால் இணைத்துவிட்டு, பிறகு பவர் கார்டைச் செருகி பின்னால் இருக்கும் சுவிட்சைப் போடுங்கள். பவர் சப்ளை ஃபேன் சுற்றினால் உயிர் இருக்கிறது. சில புது மாடல்களில் சூடு ஏறினால்தான் ஃபேன் சுற்றும், அதனால் ஃபேனை மட்டும் நம்பாமல் மல்டிமீட்டரை எடுங்கள். ஒயர்கள் எல்லாமே கறுப்பாக இருந்தால் யூகிக்காதீர்கள். அந்த மாடலின் பின் வரைபடத்தைத் தேடி, பச்சை ஒயருக்கு உரிய 16-ஆம் பின் எது என்று பார்த்துக்கொண்டு செய்யுங்கள்.

மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, கறுப்பு முனையைக் கறுப்பு ஒயரில் தொட்டுக்கொண்டு அளக்க வேண்டும். மஞ்சள் ஒயரில் 12 வோல்ட், சிவப்பில் 5, ஆரஞ்சில் 3.3, ஊதாவில் ஸ்டாண்ட்பை 5. ஐந்து சதவீதம் கூடக் குறைய இருக்கலாம். அதாவது 12 வோல்ட் லைன் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவில், 5 வோல்ட் லைன் 4.75-க்கும் 5.25-க்கும் நடுவில் இருந்தால் சரி.

ஆனால் இந்தச் சோதனையில் தோற்றால் பவர் சப்ளை கெட்டது என்று உறுதியாகச் சொல்லலாம், ஜெயித்தால் நல்லது என்று சொல்ல முடியாது. சுமை இல்லாதபோது 12.1 காட்டிவிட்டு, ப்ராசசரும் கிராபிக்ஸ் கார்டும் இழுக்க ஆரம்பித்ததும் 11-க்குக் கீழே விழும் பவர் சப்ளைகள் ஏராளம். "கேம் ஆரம்பித்ததும் ரீஸ்டார்ட் ஆகிறது, சும்மா இருந்தால் நாள் பூரா ஓடுகிறது" என்ற புகாரில் முதல் சந்தேகம் இதன் மேல்தான் விழ வேண்டும். எல்லாவற்றையும் திரும்ப மாட்டி, மெஷின் வேலை செய்துகொண்டிருக்கும்போது ஒரு டிஸ்க் பவர் கனெக்டரின் மஞ்சள் ஒயரில் அளந்து பாருங்கள், அதுதான் நிஜமான அளவு. பயாஸும் மென்பொருளும் காட்டும் வோல்டேஜ் எண்கள் அவ்வளவு நம்பகமானவை இல்லை.

பவர் சப்ளையின் பெட்டியை மட்டும் திறக்காதீர்கள். உள்ளே இருக்கும் பெரிய கெப்பாசிட்டர் (மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் பாகம்), பவர் கார்டை உருவிய பிறகும் 300 வோல்ட்டுக்கு மேல் பிடித்து வைத்திருக்கக்கூடும். பழகிய டெக்னீஷியன்கூட அதை டிஸ்சார்ஜ் செய்த பிறகுதான் கை வைப்பார்.

ஃபேன் சுற்றுகிறது, லைட் எரிகிறது, ஆனால் திரையில் ஒன்றும் வரவில்லை.

இதுதான் அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி, காரணங்களும் இதற்குத்தான் அதிகம்.

முதலில் மானிட்டர். வேறு கேபிள், வேறு மானிட்டர், முடிந்தால் டிவியில்கூடச் செருகிப் பாருங்கள். தனி கிராபிக்ஸ் கார்டு இருக்கும் மெஷினில் கேபிளை மதர்போர்டின் போர்ட்டில் செருகிவிட்டு டிஸ்பிளே வரவில்லை என்று தவிப்பவர்கள் நிறைய உண்டு. கார்டு இருந்தால் கார்டில்தான் செருக வேண்டும்.

அடுத்தது ராம். பழைய மெஷின்களில் இந்த அறிகுறிக்கு மிகச் சாதாரணமான காரணம் இதுதான். எல்லா ராம்களையும் கழட்டுங்கள். தங்க நிறக் காண்டாக்டுகளை மென்மையான வெள்ளை ரப்பரால் லேசாகத் தேய்த்து, தூளைச் சுத்தமாகத் துடைத்துவிடுங்கள். ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் கிடைத்தால் அதில் துணியை நனைத்துத் துடைப்பது இன்னும் நல்லது. ஸ்லாட்டுக்குள் தூசி இருந்தால் காற்றடித்து எடுங்கள். பிறகு ஒரே ஒரு ராமை ஒரு ஸ்லாட்டில் இரண்டு பக்கமும் கிளிப் விழும் சத்தம் கேட்கும்வரை அழுத்திப் போட்டு ஆன் செய்யுங்கள். வரவில்லையா, அதே ராமை அடுத்த ஸ்லாட்டில், பிறகு அடுத்த ராமை முதல் ஸ்லாட்டில். இப்படிப் போனால் கெட்டது ராமா ஸ்லாட்டா என்று பிரிந்துவிடும்: ஒரு ராம் எந்த ஸ்லாட்டிலும் ஓடவில்லை என்றால் ராம், எந்த ராமும் ஒரு ஸ்லாட்டில் ஓடவில்லை என்றால் ஸ்லாட். ஒரு ஸ்லாட் செத்துப்போன போர்டு மற்றவற்றை வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் ஓடும், அதற்காக போர்டை மாற்ற வேண்டாம்.

மூன்றாவது, ப்ராசசருக்குப் பக்கத்தில் 4 அல்லது 8 பின் கொண்ட ஒரு தனி பவர் கனெக்டர் இருக்கும். அது விலகியிருந்தால் எல்லா ஃபேனும் சுற்றும், ப்ராசசருக்கு மட்டும் மின்சாரம் போகாது. 24 பின் கனெக்டரையும் கையால் அழுத்திப் பாருங்கள்.

நான்காவது, பயாஸ் செட்டிங்கை அழிப்பது. பவர் கார்டை உருவிவிட்டு, போர்டில் இருக்கும் நாணயம் போன்ற பேட்டரியைச் சில நிமிடம் கழட்டி வைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள். போர்டில் அதற்கென்று ஜம்பர் (இரண்டு பின்களை இணைக்கும் சின்ன மூடி) இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள்.

இத்தனைக்குப் பிறகும் வரவில்லை என்றால் எல்லாவற்றையும் கழட்டிவிட்டு மதர்போர்டு, ப்ராசசர், அதன் ஃபேன், ஒரு ராம், பவர் சப்ளை மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். ப்ராசசரிலேயே கிராபிக்ஸ் இருந்தால் கார்டும் வேண்டாம். ஹார்ட் டிஸ்க், டிவிடி டிரைவ், யுஎஸ்பியில் செருகிய எல்லாமே வெளியே. ஷார்ட் ஆன ஒரு டிவிடி டிரைவோ முன்பக்க யுஎஸ்பி ஒயரோ முழு மெஷினையும் கீழே இழுத்துவிடும். போர்டை கேபினெட்டிலிருந்து வெளியே எடுத்து ஒரு அட்டைப் பெட்டி மேல் வைத்து ஓட்டினால், அடியில் எங்காவது திருகு விழுந்து ஷார்ட் ஆகியிருந்தாலும் தெரிந்துவிடும். இந்த நிலையில் டிஸ்பிளே வந்துவிட்டால் ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டுங்கள், எதை மாட்டியதும் நிற்கிறதோ அதுதான் குற்றவாளி.

பீப் பீப் என்று சத்தம் வருகிறது. அதற்கு என்ன அர்த்தம்?

நல்ல செய்தி என்று அர்த்தம், ஏனென்றால் போர்டும் ப்ராசசரும் பேசும் அளவுக்கு உயிரோடு இருக்கின்றன. சத்தத்தின் கணக்கு பயாஸ் தயாரிப்பாளருக்குத் தக்கபடி மாறும், எல்லோருக்கும் பொதுவான பட்டியல் கிடையாது. அவார்டு (Award) கம்பெனியின் பயாஸில் ஒரு நீளம் இரண்டு குட்டை என்றால் கோளாறு கிராபிக்ஸில். ராம் இல்லாவிட்டாலோ சரியாக உட்காராவிட்டாலோ நிற்காமல் திரும்பத் திரும்ப நீளமாகக் கத்துவது பல போர்டுகளின் வழக்கம். மற்றபடி உங்கள் போர்டின் கையேட்டைப் பாருங்கள்.

சத்தமே வராவிட்டால், கேபினெட்டில் ஸ்பீக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். பல கேபினெட்டுகளில் அது கிடையாது. நான்கு பின் கனெக்டரில் மாட்டும் அந்தக் குட்டி ஸ்பீக்கரைத் தனியாக வாங்கிக்கொள்ளலாம். ஒரு தந்திரமும் உண்டு: எல்லா ராமையும் கழட்டிவிட்டு ஆன் செய்யுங்கள். அப்போது கத்தினால் போர்டு பெரும்பாலும் நன்றாக இருக்கிறது. ஸ்பீக்கர் இருந்தும் கத்தாமல் இருந்தால் போர்டு, ப்ராசசர், பவர் சப்ளை மூன்றில் ஒன்று.

ஆன் செய்யும்போதெல்லாம் தேதி பழையதற்குப் போய்விடுகிறது.

போர்டில் இருக்கும் அந்த நாணய பேட்டரி, சிஆர் 2032, தீர்ந்துவிட்டது. மல்டிமீட்டரில் 3 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே இருக்க வேண்டியது, 2.8-க்குக் கீழே போயிருந்தால் மாற்றிவிடுங்கள்.

இந்தச் சின்ன பேட்டரி சம்பந்தமே இல்லாதது போன்ற கோளாறுகளைக் கிளப்பும். தேதி தப்பாக இருந்தால் பிரவுசர் ஒவ்வொரு தளத்தையும் பாதுகாப்பற்றது என்று திறக்க மறுக்கும், இன்டர்நெட் கோளாறு என்று நினைத்து ரவுட்டரை மாற்றப் போவார்கள். இன்னொன்று, பயாஸ் செட்டிங் அழிந்ததும் டிஸ்க் மோடு (மெஷின் டிஸ்க்கோடு பேசும் முறை) ஏஹெச்சிஐ-யிலிருந்து ஐடிஇ-க்கு மாறிவிடலாம், அப்போது விண்டோஸ் லோகோ வந்ததும் ப்ளூ ஸ்கிரீன் (விண்டோஸ் பிழை காட்டும் நீலத் திரை) அடித்து நிற்கும். அதற்கு விண்டோஸைத் திரும்ப இன்ஸ்டால் செய்ய வேண்டாம், பயாஸுக்குள் போய் மோடைப் பழையபடி மாற்றினால் எழுந்துவிடும். பேட்டரியைக் கழட்டும் எவரும் அதற்கு முன்னால் பயாஸ் திரைகளை போட்டோ எடுத்து வைத்துக்கொள்வது நல்லது.

கொஞ்ச நேரம் ஓடிவிட்டுத் தானாக அணைகிறது. அல்லது ஆமை வேகத்தில் போகிறது.

சூடு. ப்ராசசர்கள் பலவும் 95, 100 டிகிரி பக்கம் போனதும் தங்களைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைக்கும், அதற்கு மேலும் ஏறினால் மெஷினை அணைத்துவிடும். ஹெச்டபிள்யுஇன்ஃபோ போன்ற இலவச மென்பொருளில் வெப்பத்தைப் பாருங்கள். சும்மா இருக்கும்போதே 70-ஐத் தாண்டுகிறது என்றால் ஹீட் சிங்க் (ப்ராசசர் மேல் சூட்டை இறக்கும் உலோகத் தகடுகள்) வேலை செய்யவில்லை.

ஹீட் சிங்க்கின் தகடுகளுக்கு நடுவே கம்பளிபோலத் தூசி படிந்திருக்கும், மேலே ஃபேன் இருப்பதால் வெளியிலிருந்து தெரியாது, ஃபேனைக் கழட்டினால்தான் தெரியும். காற்றடிக்கும்போது ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் அளவுக்கு மீறிச் சுற்றி பேரிங் போய்விடும். தூசி எடுத்தும் சூடு இறங்கவில்லையென்றால் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும். பழையதை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் முழுக்கத் துடைத்துவிட்டு, நடுவில் ஒரு பொட்டு அளவு வைத்தால் போதும், ஹீட் சிங்க்கின் அழுத்தமே அதைப் பரப்பிவிடும்.

இரண்டு எச்சரிக்கை. இன்டெலின் பழைய ஹீட் சிங்க்குகளில் நான்கு பிளாஸ்டிக் பின்கள் இருக்கும். நான்கும் போர்டின் அடிப்பக்கம்வரை முழுதாகப் போய்ப் பூட்டியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள், ஒன்று தூக்கியிருந்தாலும் சூடு குறையாது. ஏஎம்டியின் ஏஎம்4 வரையிலான சாக்கெட்டுகளில் பின்கள் ப்ராசசரில் இருக்கும், பேஸ்ட் காய்ந்திருந்தால் ஹீட் சிங்க்கை நேராக இழுக்கும்போது ப்ராசசரும் சேர்ந்து பிய்ந்து வந்து பின்கள் வளைந்துவிடும். கழட்டும் முன் மெஷினைச் சற்று நேரம் ஓட்டிச் சூடாக்கிவிட்டு அணையுங்கள், பிறகு இடதும் வலதுமாக மெல்லத் திருகி, ஒட்டு விட்ட பிறகுதான் தூக்க வேண்டும்.

ப்ளூ ஸ்கிரீன் வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு வேறு பிழை காட்டுகிறது.

ஒரே பிழை, ஒரே ஃபைல் பெயர் என்றால் பெரும்பாலும் டிரைவர் (பாகங்களை இயக்கும் மென்பொருள்). ஒவ்வொரு முறையும் வேறு வேறு என்றால் ராமைச் சந்தேகப்படுங்கள். ராமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86 பிளஸ் மென்பொருளை யுஎஸ்பியில் எழுதி அதிலிருந்து பூட் செய்து (அதிலிருந்தே மெஷினைத் தொடங்கி) இரவு முழுக்க ஓடவிடுங்கள். இதில் "ஒரே ஒரு பிழைதானே" என்ற சமாதானமே கிடையாது, ஒன்று வந்தாலும் அந்த ராம் வேண்டாம். கெட்ட ராமோடு ஓடும் மெஷின் நீங்கள் சேமிக்கும் ஃபைல்களையும் சத்தமில்லாமல் கெடுத்துக்கொண்டிருக்கும், பேக்கப்பிலும் அந்தக் கெட்ட காப்பியே போய்ச் சேரும். பிழை வந்தால் ராம்களை ஒவ்வொன்றாகத் தனித்தனியே போட்டு மறுபடி ஓட்டி எது என்று கண்டுபிடியுங்கள்.

ராம் சுத்தம் என்று வந்தால், விண்டோஸ் நடந்தவற்றைப் பதிந்து வைக்கும் ஈவென்ட் வியூவரைத் திறந்து பாருங்கள். கர்னல்-பவர் 41 என்று மட்டும் இருந்தால் "முறையாக அணைக்கப்படவில்லை" என்பதற்கு மேல் அது எதுவும் சொல்லவில்லை, பலர் அதையே கோளாறின் பெயர் என்று நினைத்துவிடுகிறார்கள். வீயா-லாகர் என்ற பெயரில் பதிவுகள் இருந்தால்தான் ஹார்டுவேர் தானே புகார் செய்திருக்கிறது என்று அர்த்தம்.

ஹார்ட் டிஸ்க்கிலிருந்து டிக் டிக் என்று சத்தம் வருகிறது. ஃபைல் திறக்க ரொம்ப நேரம் எடுக்கிறது.

டிக் டிக் சத்தம் என்றால் இப்போதே அணையுங்கள். அந்த டிஸ்க்கின் மிச்ச ஆயுள் உங்கள் ஃபைல்களைக் காப்பி எடுப்பதற்கு மட்டும்தான் செலவாக வேண்டும், விண்டோஸ் பூட் ஆவதற்கு இல்லை.

சத்தமில்லை, மெதுவாக மட்டும் இருக்கிறது என்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற மென்பொருளில் ஸ்மார்ட் எண்களைப் (டிஸ்க் தன் நிலையைத் தானே பதிந்து வைப்பது) பாருங்கள். மேலே "நன்று" என்று காட்டுவதை வைத்து முடிவெடுக்காதீர்கள், கீழே பட்டியலில் 5, 197, 198 ஆகிய மூன்று வரிகளைப் பார்க்க வேண்டும் (எண்கள் A, B போன்ற எழுத்துகள் கலந்த ஹெக்ஸ் முறையில் இருந்தால், செட்டிங்கில் சாதாரண எண்ணுக்கு மாற்றிக்கொள்ளலாம்). 5 என்பது கெட்டுப்போய் மாற்றிடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள் (டிஸ்க்கில் தகவல் சேமிக்கும் சின்னச் சின்னக் கட்டங்கள்). 197 என்பது படிக்க முடியாமல் காத்திருப்பவை. 198, சரிசெய்ய முடியாதவை. மூன்றும் பூஜ்யமாக இருப்பதே ஆரோக்கியம். 5-இல் ஒரு சின்ன எண் வருஷக்கணக்கில் அப்படியே நின்றால் சமாளிக்கலாம், வாரத்துக்கு வாரம் ஏறுகிறதென்றால் டிஸ்க்கை மாற்றுவதைத் தவிர வழியில்லை. 199 மட்டும் ஏறியிருந்தால் டிஸ்க்கைத் திட்டாதீர்கள், அது பெரும்பாலும் சாட்டா கேபிளின் (டிஸ்க்கை போர்டோடு இணைப்பது) கோளாறு. கேபிளை மாற்றினால் எண் குறையாது, ஆனால் ஏறுவது நின்றுவிடும்.

சாகும் டிஸ்க்கில் செக்டிஸ்க் (விண்டோஸின் டிஸ்க் சோதனைக் கருவி) ஓட்டாதீர்கள். அது ஒவ்வொரு செக்டராகத் தேய்த்துப் படிக்க முயன்று, பலவீனமான ஹெட்டை (தட்டைப் படிக்கும் முனையை) முழுதாக முடித்துவிடும், ஃபைல் அமைப்பையும் தன் இஷ்டத்துக்கு மாற்றி எழுதும். லினக்ஸ் யுஎஸ்பியில் பூட் செய்து டிடிரெஸ்கியூ என்ற மீட்புக் கருவியை ஓட்டுங்கள். அது முதலில் சுலபமாகப் படிக்க முடிந்த பகுதிகளை எல்லாம் அள்ளிவிட்டு, கடினமான இடங்களுக்குக் கடைசியில்தான் வரும், எதுவரை படித்தது என்று குறித்து வைக்கும் மேப் ஃபைல் கொடுத்து ஓட்டினால் நடுவில் நின்றாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜாக (அச்சு அசலான நகலாக) எடுத்த பிறகு, மீட்கும் வேலையை அந்த இமேஜின் மேல் செய்யுங்கள்.

ஃப்ரிட்ஜின் ஃப்ரீசரில் வைத்தால் டிஸ்க் ஓடும் என்ற பழைய யோசனையைக் கேட்டிருப்பீர்கள். வேண்டாம். வெளியே எடுத்ததும் தட்டின் மேல் ஈரம் படியும், ஹெட் அதில் உரசினால் மீட்பு நிபுணரிடம் கொண்டுபோனாலும் எதுவும் கிடைக்காது. அந்த ஃபைல்கள் உண்மையிலேயே விலைமதிப்பற்றவை என்றால் எந்த முயற்சியும் செய்யாமல் அப்படியே நிபுணரிடம் கொடுப்பதுதான் சரி.

டிஸ்க் போய்விட்டது, எஸ்எஸ்டி போடலாமா? பழைய போர்டு ஏற்குமா?

எஸ்எஸ்டி என்பது சுழலும் தட்டு இல்லாமல் சிப்பில் சேமிக்கும் டிஸ்க். சாட்டா போர்ட் இருக்கிற போர்டு ஏறக்குறைய எதுவும் 2.5 அங்குல சாட்டா எஸ்எஸ்டியை ஏற்கும். பழைய சாட்டா 2 என்றாலும் போடுங்கள், பாதி வேகம்தான் கிடைக்கும் என்றாலும் ஹார்ட் டிஸ்க்கோடு ஒப்பிடவே முடியாது. ஆனால் எஸ்எஸ்டி முன்னறிவிப்பு இல்லாமல் ஒரே நாளில் காணாமல் போகும் ரகம், டிக் டிக் சத்தமெல்லாம் கொடுக்காது. பேக்கப் வழக்கத்தை விட்டுவிடாதீர்கள்.

மதர்போர்டில் சில கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறது.

தலை தட்டையாக இருக்க வேண்டும். உப்பியிருந்தாலோ, மேலே உள்ள கீறல் வழியாகப் பழுப்பு நிறத்தில் கசிந்திருந்தாலோ, அடி ரப்பர் வெளியே தள்ளியிருந்தாலோ அது செத்துவிட்டது. 2000-களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் இது ஒரு கொள்ளைநோய்போலவே இருந்தது, தரமற்ற எலக்ட்ரோலைட் நிரப்பிய கெப்பாசிட்டர்கள் பல கம்பெனிகளின் போர்டுகளில் ஏறிவிட்டன. பிற்காலத்து போர்டுகளில் ப்ராசசரைச் சுற்றி திடமான பாலிமர் கெப்பாசிட்டர்கள் வந்தபிறகு இது வெகுவாகக் குறைந்தது. ஆனால் பவர் சப்ளைக்குள்ளும் மானிட்டருக்குள்ளும் இன்றும் பழைய வகைதான் அதிகம். இவற்றுக்கு எமன் சூடு. பத்து டிகிரி கூடினால் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது பொதுக் கணக்கு.

சால்டரிங் தெரிந்தவர் என்றால் மாற்றலாம். அதே மைக்ரோ ஃபாரட் அளவு, அதே வோல்ட் அல்லது அதற்கு மேல், 105 டிகிரி, குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) ரகம், அதே விட்டம். பிளஸ் மைனஸ் மாறக்கூடாது, மாறினால் வெடிக்கும். மதர்போர்டின் உள்ளே பல அடுக்கு செம்பு இருப்பதால் சூட்டை உறிஞ்சிக்கொள்ளும், சின்ன 25 வாட் அயர்ன் திணறும். முதல் தடவை சால்டரிங் கற்றுக்கொள்வதற்கு இது இடமில்லை, பழைய ரேடியோவில் பழகிவிட்டு வாருங்கள்.

திரையில் கோடுகள், கட்டங்கள், வேறு நிறப் புள்ளிகள் வருகின்றன.

பயாஸ் திரையிலேயே தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால் மென்பொருள் இல்லை. மானிட்டரின் சொந்த மெனுவைத் திறங்கள், அதன் மேலும் கோடு போனால் மானிட்டர்தான், மெனு மட்டும் சுத்தமாக இருந்தால் கேபிள் அல்லது கிராபிக்ஸ் கார்டு. கார்டைக் கழட்டி, ப்ராசசரின் கிராபிக்ஸில் ஓட்டிப் பார்த்தால் உறுதியாகிவிடும். கார்டின் ஃபேன் சிக்கியிருந்தாலோ பேஸ்ட் காய்ந்திருந்தாலோ சரிசெய்து பாருங்கள். ஓவனில் வைத்துச் சுட்டால் சால்டர் இளகி ஒட்டிக்கொள்ளும் என்று வீடியோக்கள் உண்டு. அப்படி உயிர் பெறும் கார்டு சில வாரத்தில் திரும்பச் சாகும், சமையலுக்குப் பயன்படும் ஓவனுக்குள் அந்தப் புகையை விடுவது யாருக்கும் நல்லதில்லை.

திரை முழுக் கறுப்பு, ஆனால் டார்ச்சைச் சாய்த்து அடித்தால் மங்கலாகப் படம் தெரிகிறதா? பேக்லைட் போய்விட்டது, கம்ப்யூட்டர் நன்றாகவே ஓடிக்கொண்டிருக்கிறது.

"யுஎஸ்பியில் அதிக மின்சாரம்" என்று சொல்லிவிட்டு 15 வினாடியில் அணைந்துவிடுகிறது.

கேபினெட்டின் முன்பக்க யுஎஸ்பி போர்ட்டை டார்ச் அடித்துப் பாருங்கள். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் நாக்கு உடைந்து, நான்கு காண்டாக்டுகளில் ஒன்று வளைந்து உலோகக் கூட்டைத் தொட்டுக்கொண்டிருக்கும். மதர்போர்டிலிருந்து முன்பக்க யுஎஸ்பி ஒயரைக் கழட்டிவிட்டு ஆன் செய்தால் மெஷின் ஒழுங்காக ஓடும். பின்பக்கப் போர்ட்டுகள் போதுமென்றால் அப்படியே விட்டுவிடலாம். இதற்காக மதர்போர்டையே மாற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள் என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம்.

கர்ரென்று சத்தம் போடுகிறது.

ஃபேன் பேரிங். எந்த ஃபேன் என்று தெரிய, ஒவ்வொன்றின் நடுப்பகுதியையும் விரல் நுனியால் ஒரு நொடி லேசாக அழுத்தி நிறுத்திப் பாருங்கள், இறக்கையில் விரல் படக்கூடாது. மாற்றுவதுதான் தீர்வு, எண்ணெய் விடுவது சில மாதம் தாங்கும்.

பாகம் வாங்கும்போது எதில் ஏமாறக்கூடாது?

பவர் சப்ளைதான். கழட்டி மாட்டும் கேபிள்கள் கொண்ட மாடுலர் ரகத்தில், பழைய பவர் சப்ளையின் கேபிளைப் புதியதில் செருகவே கூடாது. டிஸ்க் பக்கம் எல்லாக் கனெக்டரும் ஒன்றுதான், ஆனால் பவர் சப்ளை பக்கம் பின் வரிசை கம்பெனிக்குக் கம்பெனி, சில சமயம் ஒரே கம்பெனியின் மாடலுக்கு மாடல் மாறும். 5 வோல்ட் போக வேண்டிய இடத்தில் 12 போய், மாட்டியிருந்த அத்தனை டிஸ்க்கும் ஒரே நொடியில் எரிந்துபோகும். கேபிள் உள்ளே பொருந்துகிறது என்பதற்காக அது சரியான கேபிள் ஆகிவிடாது.

பிராண்டட் மெஷின்களில் 24 பின்னுக்குப் பதிலாக அந்தக் கம்பெனிக்கே உரிய 6 அல்லது 8 பின் கனெக்டர் இருக்கலாம், வாங்கும் முன் திறந்து பாருங்கள். மோலெக்ஸிலிருந்து (பழைய நான்கு பின் பவர் கனெக்டர்) சாட்டாவுக்கு மாற்றும் அடாப்டர்களில், ஒயரோடு சேர்த்து வார்த்த பிளாஸ்டிக் தலை கொண்டவை உள்ளே ஷார்ட் ஆகித் தீப்பிடித்த சம்பவங்கள் உண்டு, ஒயரைத் தனியாகச் செருகிப் பூட்டிய ரகத்தை வாங்குங்கள். ராம் என்றால் டிடிஆர்2, டிடிஆர்3, டிடிஆர்4 மூன்றின் அடி விளிம்பில் இருக்கும் வெட்டும் வேறு வேறு இடத்தில் இருக்கும், ஒன்றை இன்னொன்றில் திணிக்க முடியாது.

மதர்போர்டுதான் போய்விட்டது என்று எப்போது முடிவு செய்யலாம்?

வேறு மெஷினில் ஓடும் பவர் சப்ளை, வேறு மெஷினில் ஓடும் ராம், இரண்டையும் போட்டு, வெறும் போர்டாக வெளியே வைத்து, பேட்டரி மாற்றி, பயாஸ் அழித்து, அப்படியும் அசைவில்லை என்றால். அதற்கு முன்னால் யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். ப்ராசசர் கெடுவது அபூர்வம், ஆகவே போர்டைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஆனால் பழைய சாக்கெட்டுக்குப் புது போர்டு கிடைப்பது கஷ்டம், கிடைப்பதும் பெரும்பாலும் பழையதுதான், அதிலும் இதே வயதுள்ள கெப்பாசிட்டர்கள்தான் இருக்கும். போர்டு போன பிறகு செலவு செய்வதை நான் ஆதரிக்க மாட்டேன்.

சரி, மற்றபடி இவ்வளவு பழைய மெஷினைச் சரிசெய்வது தகுமா?

பேட்டரி, பேஸ்ட், கேபிள், ஃபேன் என்றால் கண்ணை மூடிக்கொண்டு செய்யுங்கள். பவர் சப்ளையும் எஸ்எஸ்டியும் நாளைக்கு வேறு மெஷினுக்கும் போகும், அதனால் அதுவும் வீண் செலவில்லை.

மென்பொருள் பக்கம் ஒரு கணக்கு இருக்கிறது. விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்பு வசதி வேண்டும், இன்டெல் என்றால் பொதுவாக 8-ஆம் தலைமுறை, ஏஎம்டி என்றால் ரைசன் 2000 வரிசையிலிருந்துதான் அதிகாரப்பூர்வ ஆதரவு. அதற்கு முந்தைய மெஷினில் இன்டர்நெட் வேலை செய்வதாக இருந்தால் லினக்ஸ் மின்ட் போன்ற ஒன்றுக்கு மாறுவது நல்ல வழி. 4 ஜிபி ராமும் ஒரு எஸ்எஸ்டியும் இருந்தால் எழுதவும் படிக்கவும் பாட்டு கேட்கவும் தாராளமாக ஓடும்.

ஒதுக்கிவிடுவது என்று முடிவானால் பவர் சப்ளை, ராம், டிவிடி டிரைவ், கேபிள் எல்லாவற்றையும் கழட்டி வைத்துக்கொள்ளுங்கள், அடுத்த மெஷினைச் சோதிக்க உதவும். ஹார்ட் டிஸ்க்கை உள்ளே விட்டுவிட்டு யாருக்கும் கொடுக்காதீர்கள். ஓடுகிற டிஸ்க் என்றால் முழுவதையும் பூஜ்யங்களால் ஒருமுறை மேலெழுதுங்கள், வெறும் குயிக் ஃபார்மட் போதாது, அதில் ஃபைல்கள் அப்படியே இருக்கும். ஓடாத டிஸ்க் என்றால் மேல் மூடியைக் கழட்டித் தட்டுகளை உடைத்துவிட்டு மின்கழிவு சேகரிப்பவர்களிடம் சேருங்கள், 2.5 அங்குல டிஸ்க்குகளின் தட்டு பெரும்பாலும் கண்ணாடி, சிதறும், கண்ணுக்குக் கவசம் போட்டுக்கொள்ளுங்கள்.